ஆளில்லாத நாற்காலி

நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஹார்லன் டக்கெட்டுக்கு அதுதான் ஆத்திரம். ஆள் இருந்திருந்தால் இந்நேரம் சண்டையை ஆரம்பித்திருக்கலாம்.

பச்சைத் துணி போட்ட மடக்கு நாற்காலி. ஏரிக்கரையில் சரளை கெட்டிப்பட்டுக் கிடந்த ஒரே மேட்டில், தண்ணீரைப் பார்த்தபடி தனியாக நின்றது. பக்கத்தில் கூடாரம் இல்லை, வண்டி இல்லை, அடுப்பு மூட்டிய கரிகூட இல்லை.

ஹார்லன் பிக்கப் வண்டியை நிறுத்தினார். பின்னால் இழுபட்டு வந்த சக்கர வீடான கேரவனும் ஒரு முனகலோடு நின்றது. வயோமிங்கிலிருந்து பாலைவனம் முழுக்கத் தாண்டி அவர் வந்தது இந்த மேட்டுக்காகத்தான்.

"என் இடம்," என்றார்.

"ஏரியோட இடம்," என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி நேடின். "முதல்ல வர்றவங்களுக்குன்னு பலகையிலயே போட்டிருக்கு."

"வருஷா வருஷம் நாமதானே முதல்ல வர்றோம்!"

"இந்த வருஷம் நாற்காலி வந்திருக்கு."

ஹார்லன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். நேடின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவ்வளவு ஆசையா இருந்தா இறங்கிப் போய் அதை மடிச்சு ஓரமா வச்சுட்டு வண்டிய விடேன். யாரு பாக்கப்போறா?" என்றார்.

அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னதுபோல ஹார்லன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நாற்காலியத் தொடுறதா? நானா?"

கேரவன்காரர்களிடம் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஓர் இடத்தில் நாற்காலி போட்டால் அந்த இடம் பிடித்தாயிற்று. போட்டவர் ரொட்டி வாங்கப் போயிருக்கலாம், டீசல் போடப் போயிருக்கலாம். திரும்பி வரும்வரை அது அவருடைய வீடு. ரேஞ்சர் நட்டுவைத்த பலகைகளை மிதித்துக்கொண்டு போகிறவர்கள்கூட நாற்காலியைச் சுற்றித்தான் போவார்கள். ஹார்லன் இந்தச் சட்டத்தை மதிப்பவர் மட்டுமல்ல, காவல் காப்பவர். போன வருஷம் ஆரிகனிலிருந்து வந்த ஆசிரியத் தம்பதி யாருடைய நாற்காலியையோ கொஞ்சம் நகர்த்திவிட்டார்கள். ஹார்லன் போட்ட சத்தம் எதிர்க்கரை மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஆசிரியை அழுதுவிட்டார். ரேஞ்சர் வந்தார். அந்தப் பயணத்தின் மிச்ச நாட்களை நேடின் கேரவனுக்குள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு கழித்தார்.

அதற்குப் பிறகு பிறந்ததுதான் ஒப்பந்தம்.

ஹார்லன் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்க இருட்டில் எழுந்து அடுத்தவர் சாலையில் பனி தள்ளியவருக்கு இனி வெள்ளையாக எதையுமே பார்க்கப் பிடிக்கவில்லை. வீட்டை விற்றுவிட வேண்டும், கேரவனோடு கிளம்பிவிட வேண்டும், குளிர்காலம் பூராவும் இந்த ஏரிக்கரை. அவருடைய ஒரே ஆசை அதுதான். நேடினுக்கு வீடு வேண்டும்.

"உனக்குக் கோபம் வந்தா நான் போறதுக்கு வீட்ல இன்னொரு ரூம் இருக்கு, ஹார்லன். கேரவனுக்குள்ள எங்க போவேன்? ஃப்ரிட்ஜுக்குள்ளயா?"

"இனிமே கோபமே பட மாட்டேன்."

"சரி. இந்தத் தடவை ஏரிக்குப் போவோம். ஞாயித்துக்கிழமை சூரியன் அந்த மொட்டை மலைக்குப் பின்னால இறங்குற வரைக்கும் ஒரு மனுஷன்மேலகூட நீ கத்தக் கூடாது. கத்தலைன்னா வீட்டை வித்துடலாம். கத்திட்டேன்னா கேரவனை வித்துடணும்."

கை குலுக்கி முடிவு செய்திருந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை.

ஹார்லன் மூச்சை இழுத்து விட்டார். "பக்கத்துலயே நிறுத்துறேன். நாற்காலிக்காரன் வரட்டும். மரியாதையா ஒரு வார்த்தை கேக்குறேன்."

"கேளு," என்றார் நேடின்.

மேட்டுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு மணல்பரப்பு இருந்தது. ஏரி வற்றும்போது விட்டுப்போன வண்டல். அங்கே யாரும் நிறுத்துவதில்லை. ஏன் நிறுத்துவதில்லை என்று ஹார்லனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாற்காலியை நேராகப் பார்க்க அதைவிட்டால் வேறு இடம் கிடையாது.

நேடின் இறங்கிப் பின்னால் போய் நின்று கை காட்டினார். கேரவனைப் பின்னோக்கி விடும்போது மனைவி கை காட்டுவதும், அது கணவனுக்குப் புரியாமல் போவதும் அந்த முகாமில் பழகிப்போன காட்சி. நேடினின் சைகைகள் தனி ரகம். போ என்பதும், வா என்பதும், நில் என்பதும் ஈ விரட்டுவதுபோல ஒரே மாதிரிதான் இருக்கும். யார் வண்டியைப் பின்னால் எடுத்தாலும் மற்ற ஆண்கள் கையில் காபியோடு வெளியே வந்து நின்றுவிடுவார்கள். டிவி எடுக்காத இடத்தில் இதைவிட்டால் வேறென்ன இருக்கிறது.

"இப்ப நிக்கச் சொல்றியா, வரச் சொல்றியா?"

"அதான் காட்டுறேனே!"

கேரவன் மெதுவாக, மரியாதையாக, அச்சு வரைக்கும் மணலுக்குள் இறங்கியது.

காபிக்காரர்களில் ஒருவர் முன்னால் வந்தார். மின்னசோட்டாவைச் சேர்ந்த ராண்டல். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அடுத்தவர் வாயைத் திறந்துவைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகியவர்.

"மணல் கொஞ்சம் பொலபொலன்னு இருக்குங்க," என்றார்.

"தெரியுது," என்றார் ஹார்லன்.

"டயர்ல பாதிக் காத்தை இறக்கிட்டு மெதுவா எடுத்தீங்கன்னா வந்துடும். வேகமா மட்டும் மிதிச்சுடாதீங்க."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஹார்லனே அப்படித்தான் செய்திருப்பார். சொல்லிவிட்டதால் வேறு வழியில்லாமல் வேகமாக மிதித்தார். மணல் வாரியடித்து ராண்டலின் காபியில் விழுந்தது. பிக்கப்பின் பின்சக்கரங்களும் உள்ளே போயின.

"மிதிக்காதீங்கன்னு சொன்னேன்," என்றார் ராண்டல், கோப்பைக்குள் பார்த்தபடி.

ஹார்லனின் கழுத்து நரம்பு ஒன்று எழுந்து நின்றது. அவர் நேடினைப் பார்த்தார். நேடின் ஆவலோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்லன் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் எதையோ குத்துகிற சத்தம் கேட்டது. தலையணையாக இருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. குரல் சாந்தமாக இருந்தது.

"நேடின், ஒரு சந்தேகம். மனுஷங்கமேலதானே கத்தக் கூடாது? நாற்காலிமேல கத்தலாமா?"

நேடின் யோசித்தார். "நாற்காலி கணக்குல வராது. ஆனா அதுல யாராவது வந்து உக்காந்துட்டா வந்துடும்."

"அது போதும்."

ஹார்லன் மேட்டின்மேல் ஏறினார். நாற்காலிக்கு எதிரே கால் அகட்டி நின்றார்.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று ஆரம்பித்தார். "ஏரி பூரா இடம் கிடக்கு. உனக்கு இந்த மேடுதான் கிடைச்சுதா? எங்கடா உன் ஆளு? இடத்தைப் புடிச்சுப் போட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டானா? நாலு காலும் நல்லாத்தானே இருக்கு, எழுந்து போயேன்!"

காபிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வண்டிகளுக்குள் போனார்கள்.

சனிக்கிழமை காலை அவர் முதலில் பார்த்தது நாற்காலியைத்தான். அதன்மேல் ஒரு தொப்பி இருந்தது. சிவப்புத் தொப்பி. நேற்று இல்லாதது.

"நேடின்! வந்திருக்கான்! வந்து தொப்பிய வச்சுட்டுப் போயிருக்கான்!"

"அப்படியா? நான் தூங்கிட்டேனே."

"என் முன்னால வர்றதுக்குத் தைரியம் இல்ல!"

"அதான் சொல்றேன், தொப்பியோட சேத்து எடுத்து ஓரமா வச்சுடு."

"திரும்பத் திரும்ப அதையே சொல்லாத. நான் காவல் காக்குற சட்டத்தை நானே மீறுறதா?"

மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றித் தோண்டினார். தோண்டத் தோண்ட மணல் சரிந்து வந்து மூடியது. பாரம் அதிகம் என்று ஒரு யோசனை தோன்றியது. கேரவனின் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. திறந்துவிட்டால் எடை குறையும். திறந்துவிட்டார். குடிக்கவும் குளிக்கவும் கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் சக்கரங்களுக்கு அடியில்தான் போய் இறங்கியது. வண்டல் தோசை மாவுபோலக் குழைந்தது. கேரவன் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

ராண்டல் புதுக் கோப்பையோடு வந்தார். இந்த முறை கோப்பைக்கு மூடி போட்டிருந்தார்.

"ஏன் தண்ணியக் கீழ விட்டீங்க?"

ஹார்லன் வாயில் இருந்த பல்குச்சியைக் கடித்து உடைத்தார். துப்பிவிட்டு இன்னொன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஈறுக்கு நல்லதில்ல அது," என்றார் ராண்டல்.

ஹார்லன் மேட்டுக்கு நடந்தார். அடுத்த கால்மணி நேரம் பல் மருத்துவர்களைப் பற்றி நாற்காலியிடம் சொன்னார். ராண்டல் நின்று முழுவதையும் கேட்டார். அவரிடம் சொல்லப்படாததால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

திரும்பி வந்து உள்ளே போய், முகம் கழுவத் தண்ணீர் இல்லை என்று நினைவு வந்து, மறுபடி வெளியே வந்தார். நாற்காலியில் தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை இருந்தது.

ஓடிப்போய்த் தொடாமல் குனிந்து பார்த்தார். ஆவி பறந்தது. காபி. பட்டைத்தூள் வாசனை.

"சூடா இருக்கு!" ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "இப்பதான் வச்சுட்டுப் போயிருக்கான்! நான் உள்ள போன நேரம் பாத்து! நேடின், நீ இங்கதானே இருந்த? யாரு வந்தா?"

"நான் பின்னல் போட்டுட்டிருந்தேன். கண்ணைத் தூக்கலையே."

முகாம் பொறுப்பாளர் வெர்னா அப்போது மின்சாரக் குட்டிவண்டியில் குப்பைப் பைகளோடு போய்க்கொண்டிருந்தார். கணவரை இழந்தபின் வாசலருகே தன் கேரவனை நிறுத்திக்கொண்டு, வருகிறவர்களைப் பதிவு செய்பவர். நேடினுக்குப் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு ஒருவருக்கொருவர் கேக் அனுப்பிக்கொள்வார்கள். ஹார்லன் வழியில் போய் நின்று மறித்தார்.

"வெர்னா, இது யாரோட நாற்காலி?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் வாசல்ல இருக்கேன். உள்ள வந்து யாரு எங்க உக்கார்றாங்கன்னு எண்ணிக்கிட்டா இருப்பேன்?"

"பொறுப்பாளர் நீங்கதானே! உங்களுக்குத் தெரியாம..." குரல் ஏறியது. நேடினின் பின்னல் ஊசிகள் நின்றன. ஹார்லன் சத்தத்தை விழுங்கினார். "உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். தப்பில்ல. உங்க நாள் நல்லா இருக்கட்டும்."

வெர்னா நேடினைப் பார்த்தார். நேடின் மறுபடி பின்ன ஆரம்பித்தார். இப்போது கண்ணிகள் தவறின.

மத்தியானம் காற்று எழும்பியது. அந்த ஏரியில் மத்தியானம் காற்று எழும்பும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் கேரவனின் வெயில் மறைப்பைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். ஹார்லன் மட்டும் சீமைக்கருவேல மரத்துக்குப் பின்னால் குந்தி, நாற்காலிக்காரனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகக் காத்திருந்தார். தலைக்குமேல் ஏதோ படபடத்துப் போனது. கொக்கு என்று நினைத்தார். அவருடைய வெயில் மறைப்பு. கம்பியோடு பிய்த்துக்கொண்டு ஏரியின் நடுவில் போய் இறங்கி, கொஞ்ச தூரம் படகுபோல மிதந்து, மூழ்கியது.

நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. தொப்பிகூடப் பறக்கவில்லை. யாரோ அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் நாற்காலியிடம் பேசியது கத்தல் என்று சொல்ல முடியாது. குரல் போய்விட்டிருந்தது. எதிரில் தரையில் உட்கார்ந்து, பனியைப் பற்றிச் சொன்னார். சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது பின்னாலேயே மறுபடி விழுந்து மூடிவிடுவதைப் பற்றி. ஒருத்தரும் ஒருநாளும் கை காட்டி நன்றி சொன்னதில்லை என்பதைப் பற்றி. வீட்டு வாசலில் பனி கொட்டிவிட்டுப் போகிறான் என்று திட்டத்தான் போன் செய்வார்கள். நேடின் கேரவன் ஜன்னலின் திரையை விலக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரையை விட்டுவிட்டு, பீன்ஸ் டப்பாவைத் திறந்து இரண்டு தட்டில் போட்டார். தண்ணீர் இல்லாததால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் ஒரு புத்தகம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஹார்லன் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். மண்வெட்டியைக்கூட எடுக்கவில்லை. நேராக ராண்டலின் கேரவனுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"டாக்டர், எனக்கு உதவி வேணும்."

இதை நேடின் கேட்டார். கையிலிருந்த நூல்கண்டு உருண்டு படியில் இறங்கியது.

ராண்டல் தன் பெரிய பிக்கப்பைக் கொண்டுவந்தார். சங்கிலி மாட்டினார்கள். காபிக்காரர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு வந்தார்கள். டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார்கள். ராண்டல் சொன்னபடி, அவர் சொன்னார் என்பதற்காகவே மறுக்காமல், ஹார்லன் ஒவ்வொன்றையும் செய்தார். பிக்கப் சுலபமாக வெளியே வந்துவிட்டது. கேரவனை இழுக்க வழி ஒன்றுதான் இருந்தது. கெட்டியான தரை வழியாக. மேட்டின் வழியாக.

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

"அதை மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார் ராண்டல்.

"கூடாது," என்றார் ஹார்லன்.

"யாருமே இல்லையேங்க!"

"ஆள் இல்லாதப்பதான் அதுக்கு மரியாதை வேணும். ஆள் இருந்தா அவனே பாத்துப்பான்." கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

நாற்காலிக்கு ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஒரு பாறை. இடையில் கேரவன் நுழைய மட்டும் இடம். ராண்டல் மெதுவாக இழுத்தார். ஹார்லன் கூடவே நடந்தார். கேரவன் நாற்காலியை உரசாமல் தாண்டியது. புத்தகத்தின் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஆனால் மறுபக்கத்தைப் பாறை விட்டுவைக்கவில்லை. முன்கதவிலிருந்து பின்விளக்கு வரை தகரத்தைச் சுரண்டியது. பல் கூசும் சத்தம். ராண்டல்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கேரவன் மேட்டைத் தாண்டிக் கெட்டித் தரையில் போய் நின்றது. ஹார்லன் அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே கடைசிவரை நடந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நன்றி, டாக்டர்," என்றார். "நல்லா ஓட்டுனீங்க."

ஏரிக்கரையில் கைதட்டல் எழுந்தது. யாரோ பீர் கொண்டுவந்தார்கள். யாரோ தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தபோது சூரியன் மொட்டை மலைக்குமேல் சாண் உயரத்தில் இருந்தது. சங்கிலியைக் கழற்ற ஹார்லன் கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்து நுழைந்தார். நேடின் வந்து பக்கத்தில் குந்தினார். அவருடைய கண்கள் ஈரமாக இருந்தன.

"ஹார்லன், வீட்டை வித்துடலாம்."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"நிஜமாவா சொல்ற?"

"நிஜமாத்தான். இவ்வளவுக்கும் நீ கத்தலை. முப்பத்தஞ்சு வருஷமா இப்படி ஒரு ஆள் உள்ள இருந்தான்னு எனக்குத் தெரியாது. அவனோட ஒரு ரூம்ல இருந்துக்குவேன்."

பிறகு அடியிலிருந்து, "அந்த நாற்காலிக்காரனைப் பாக்கணும், நேடின்," என்று கம்மிய குரல் வந்தது. "பாத்தா கை குடுக்கணும். மூணு நாளா அவனை என்னென்னவோ சொல்லிட்டேன். ஆனா அவன் இல்லாட்டி எனக்கு இந்தப் பொறுமை வந்திருக்காது."

நேடின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார். இன்னும் நாலு விரல் உயரம்.

அப்போதுதான் மின்சாரக் குட்டிவண்டி சத்தமில்லாமல் வருவது தெரிந்தது. வெர்னா. நேடின் துள்ளி எழுந்து கையை வீசினார். போ என்று காட்டினார், வராதே என்று காட்டினார், அப்புறம் என்று காட்டினார். ஈ விரட்டுவதுபோல இருந்தது. வெர்னா அதைப் புரிந்துகொண்டு, வேகத்தைக் கூட்டி, நேராகப் பக்கத்தில் வந்து நிறுத்தினார். கேரவனின் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஹார்லனின் பூட்ஸ் அவர் கண்ணில் படவில்லை.

"பொழுது சாய இன்னும் நேரம் இருக்கே நேடின், நாற்காலிய எடுத்துட்டுப் போயிடட்டுமா, இல்ல அந்தாளைக் கத்தவைக்க இன்னும் ஒரு காபி வச்சுப் பாக்கணுமா?"